குடிக்கும் இளைஞரிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: நான் மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். காயத்துக்குக் கட்டுப் போட வரும் இளைஞர்களில் சிலர், குடித்துவிட்டு விழுந்ததாகத் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள். கல்லீரல் கெட்டுவிடும் என்று எடுத்துச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இவர்களிடம் வேறு எப்படித்தான் பேசுவது?

பதில்: நீங்கள் சொல்வது உண்மைதான் என்றாலும், பத்தொன்பது வயதுக்காரருக்குக் கல்லீரல் நோய் என்பது வேறு யாருக்கோ வரப்போவதாகத்தான் தோன்றும். அந்த வயதில் உடனடி ஆபத்து, ஒரே இரவில் அளவு மீறிக் குடிப்பதால் வருகிறது: வாகன விபத்து, அடிதடி, நினைவிழந்த நிலையில் வாந்தி மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்வது. ஒரே வேளையில் 60 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட தூய ஆல்கஹாலை உட்கொள்வதை மிகையான குடிப்பழக்கமாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. "எப்போதாவதுதான்" என்று சொல்பவரும் அந்த ஒரு வேளையில் இதைத் தாண்டியிருக்கக்கூடும் என்பதால், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதோடு, குடிக்கும் நாளில் எவ்வளவு என்றும் கேளுங்கள். குடிப்பழக்கத்தின் தீவிரத்தை மதிப்பெண் மூலம் கண்டறிய அந்நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' வினாப்பட்டியலின் 10 கேள்விகளில் முதல் மூன்றும் இவற்றைப் பற்றியவையே. பெரியவர்களுக்கு மொத்தம் 8 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் எச்சரிக்கை. பதின்வயதினரிடம் அதற்குக் குறைந்த மதிப்பெண்ணையும் பொருட்படுத்த வேண்டும்.

உடன் வந்தவர்களை வெளியே அமரச் சொல்லிவிட்டு, உயிருக்கு ஆபத்து என்ற நிலை தவிர வேறெதற்காகவும் அவர் சொல்வது வெளியே போகாது என்று முதலிலேயே தெளிவுபடுத்துங்கள். பிறகு, கட்டுப் போட்டுக்கொண்டே, "குடிப்பதில் உங்களுக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு இதுதான் மிகவும் கடினம்; அறிவுரை நாக்கின் நுனியிலேயே நிற்கும். "மறுநாள் தேர்வுக்குப் போக முடியவில்லை" என்று அவரே சொன்னால், அதையே பற்றிக்கொண்டு, அடுத்த முறை எதை மாற்றலாம் என்று அவரிடமே கேளுங்கள். ஐந்து, பத்து நிமிடம் போதும். 1983ஆம் ஆண்டு உளவியலாளர் வில்லியம் மில்லர் எழுதத் தொடங்கிய ஊக்கமூட்டும் நேர்காணல் முறையின் அடிப்படையும் இதுவே.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. தினமும் அதிகமாகக் குடிப்பவர், காலையில் கை நடுங்குவதாகவோ வியர்ப்பதாகவோ சொன்னால், "இன்றே நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், அதைத் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தான மனக்குழப்ப நிலையும் வரக்கூடும். அவரை அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.