நீக்கிய பாலிப் மீண்டும் முளைக்குமா?

கேள்வி: எனக்கு 52 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு புதுச்சேரியில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியே கேமரா குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்தபோது, பெருங்குடலில் 4 மி.மீ., 6 மி.மீ. அளவில் இருந்த இரண்டு பாலிப்புகளை நீக்கினார்கள். வேர் உள்ளே இருந்தால் மறுபடி முளைத்துப் புற்றுநோயாகிவிடும், 6 மாதத்துக்கு ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும் என்று, என்னை அங்கே அழைத்துச் சென்றவர் வற்புறுத்துகிறார். அவசியமா?

பதில்: அவசியமில்லை. பாலிப்புக்கு வேர் கிடையாது. அது குடலின் உட்சவ்வில் எழும் புடைப்பு. 10 மி.மீ.க்குக் குறைவானவற்றைக் கம்பிச் சுருக்கு மாட்டி, சுற்றியுள்ள நல்ல சவ்விலும் சிறிது சேர்த்து அறுத்து எடுத்துவிட்டால், அதே இடத்தில் பெரும்பாலும் வளர்வதில்லை. சில ஆண்டுகள் கழித்து மறுபடி பாலிப் தென்பட்டால், அது வேறிடத்தில் புதிதாகத் தோன்றியதாகவோ, முதல் பரிசோதனையில் குடல் மடிப்புக்குப் பின்னால் மறைந்திருந்து கண்ணில் படாமல் போனதாகவோ இருப்பதே வழக்கம். சிறிய பாலிப்புகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதே இல்லை. மாறுபவையும் பொதுவாகப் 10 ஆண்டுகள் அளவுக்கு எடுத்துக்கொள்கின்றன.

அடுத்த பரிசோதனை எப்போது என்பதைத் தீர்மானிப்பது பயாப்ஸி ரிப்போர்ட், அதாவது நீக்கிய பாலிப்பை நுண்ணோக்கியில் ஆராய்ந்து தரும் அறிக்கை. உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லாததுதான் எனக்குக் கவலை தருகிறது. ரிப்போர்ட் தயாராகச் சில நாட்கள் ஆகும். அதற்குள் நோயாளி ஊர் திரும்பிவிடுவார். அதை வாங்கிச் செல்லுங்கள் என்று கூப்பிட்டுச் சொல்லும் பொறுப்பை நம் மருத்துவமனைகளில் எவரும் ஏற்பதில்லை. எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் இந்த நிலை மாறவில்லை. நீங்களே நேரில் சென்று கேட்டு வாங்குங்கள். அதில் 'டியூபுலர் அடினோமா, லோ கிரேடு டிஸ்பிளேசியா' என்றிருந்தால் அஞ்ச வேண்டாம். அடினோமா என்பது பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப் வகை. லோ கிரேடு டிஸ்பிளேசியா என்றால் அதன் செல்களில் மாற்றம் குறைவு என்று பொருள். அது புற்றுநோய் அல்ல. உங்களுக்கு இருந்தது போல் ஒன்றிரண்டு சிறிய அடினோமாக்கள் மட்டும் என்றால், 2020இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல் 7 முதல் 10 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் போதும் என்கிறது. அதே ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதலோ இத்தகையவர்களுக்குத் தனிக் கண்காணிப்பே தேவையில்லை என்கிறது.

6 மாதக் கணக்கு, 20 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட பாலிப்பைத் துண்டு துண்டாக எடுத்தவர்களுக்கு உரியது. அதை உங்கள் தலையில் கட்டுபவர் எதற்காகக் கட்டுகிறார் என்று யோசியுங்கள். நோயாளியை அழைத்து வருவதற்குக் கமிஷன் வாங்கும் இடைத்தரகர்கள், 'கேன்சர் மார்க்கர்' என்று சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனையையும், குடல் சுத்தப் பேக்கேஜையும் சேர்த்தே விற்கிறார்கள். சி.இ.ஏ. சிறிய பாலிப்பைக் காட்டாது. எந்தப் பேக்கேஜும் பாலிப் வராமல் தடுக்காது. கொலோனோஸ்கோபியிலும் ரத்தக்கசிவு, குடலில் ஓட்டை விழுதல் என்ற அபாயங்கள் சிறிதளவேனும் உண்டு. காரணமில்லாமல் அதைத் திரும்பத் திரும்பச் செய்யக் கூடாது. மறு ஆலோசனை வேண்டுமென்றால் புதுச்சேரி கோரிமேட்டில் மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. அங்கே பதிவு செய்ய நடுவில் ஓர் ஆள் தேவையில்லை.

நான் மேலே சொன்ன ஆண்டுக் கணக்கு முழுவதும், அன்று உங்கள் குடல் சுத்தமாக இருந்திருந்தால் மட்டுமே செல்லும். கடலூரிலிருந்து வருபவர்களிடம் இதில்தான் அடிக்கடி தவறு நேர்கிறது. பேதிப் பொடி கரைத்த நீரில் பாதியை முந்தின மாலையிலும், மீதியைப் பரிசோதனைக்கு நாலைந்து மணி நேரம் முன்பு தொடங்கியும் குடிக்க வேண்டும். காலையில் பேருந்தில் ஒரு மணி நேரம் வர வேண்டுமே என்று அஞ்சி முழுவதையும் இரவே குடித்துவிடுகிறார்கள், அல்லது இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். விடிவதற்குள் குடலின் வலப்பக்கத்தில் மஞ்சள் படலம் படிந்துவிடுகிறது. தட்டையான பாலிப்புகள் அதற்கடியில் மறைந்துவிடுகின்றன. முந்தின நாள் கீரையும் கொய்யாவும் சாப்பிட்டிருந்தால் இன்னும் மோசம். எனவே கொலோனோஸ்கோபி ரிப்போர்ட்டில் குடல் சுத்தம் எப்படி இருந்தது, சீக்கம் (பெருங்குடலின் தொடக்க முனை) வரை சென்றார்களா என்ற இரண்டு விவரங்களையும் பாருங்கள். சுத்தம் போதவில்லை என்று எழுதியிருந்தால் 7 ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம். ஓர் ஆண்டுக்குள் திரும்பச் செய்ய வேண்டும் என்பதே விதி, உங்களுக்கு அந்தக் கெடு இப்போதே வந்துவிட்டது. அப்படிச் செய்வதானால் முந்தின இரவே புதுச்சேரியில் உறவினர் வீட்டிலோ அறை எடுத்தோ தங்கிவிடுங்கள். அந்த இரண்டு விவரங்களுமே ரிப்போர்ட்டில் இல்லையென்றால், பரிசோதனை செய்த மருத்துவரிடமே எழுதித் தரக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

இடையில் மலத்தில் ரத்தம் வந்தாலோ, காரணமின்றி ரத்தசோகை ஏற்பட்டாலோ, எந்தத் தேதிக்கும் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள்.