அம்மாவ ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?

வணக்கம் சார். பிஎம்டபிள்யூ 330எல்ஐ, 530எல்ஐ ரெண்டுல எது எடுக்கறதுன்னு மூணு மாசமா குழப்பம். ரெண்டுலயும் 2 லிட்டர் பெட்ரோல், 258 குதிரைத்திறன். அப்புறம் 530எல்ஐக்கு எதுக்கு இவ்ளோ கூட குடுக்கணும்? மைலேஜ், ரீசேல் எப்படி? முட்டிவலிக்கார அம்மாவ மாசம் ரெண்டு தடவ திருச்சிக்குக் கூட்டிட்டுப் போகணும்.
— தாம்பரம் வாசகர்

தம்பி,

அம்மாவோட முட்டிவலிய கடைசி வரியில தள்ளிட்டீங்களே, அதுதான எனக்குக் கோவம். மைலேஜ், ரீசேல் பேச்செல்லாம் விடுங்க. டார்க்கும், அதாவது இன்ஜினோட இழுவைத்திறனும், ரெண்டுலயும் அதே 400 நியூட்டன் மீட்டர்தான். ரெண்டையும் அசெம்பிள் பண்றது உங்களுக்குப் பக்கத்துல சிங்கப்பெருமாள் கோயில்கிட்ட இருக்கற ஒரே ஃபேக்டரி. வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற தூரம், 330எல்ஐல 2961 மில்லிமீட்டர், 530எல்ஐல 3105. அந்த 144 மில்லிமீட்டர்ல பின்னாடி கால் நல்லா நீட்டலாம், ஆனா உங்க அம்மாவுக்கு நீட்டறதுலயா கஷ்டம், எந்திரிக்கறதுலதான?

எங்கப்பா கோயமுத்தூர்ல ஒரு மில் முதலாளிகிட்ட டிரைவரா இருந்தாரு. அங்கயும் ஒரே கம்பெனியோட ரெண்டு வண்டி, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடரும் கான்டெஸாவும். புது கான்டெஸால ஏசி, மெத்துமெத்துன்னு சீட்டு, அப்பா அதத் துடைக்கற அழகே தனி. ஆனா முதலாளியோட அம்மா ஒரு தடவ அதுல மருதமலை அடிவாரம் வரைக்கும் போயிட்டு, இறங்க முடியாம எங்கப்பா தோளப் புடிச்சு எந்திரிச்சவங்க, மறுநாள்லருந்து "அம்பாசடர எடுப்பா"ன்னுட்டாங்க. ஏன்னா அதுல நாற்காலியில உக்கார்ற மாதிரி நிமிந்து உக்காரலாம், திரும்பி கால கீழ வச்சா நின்னுடலாம். சீட்டு தாழ இருந்து இடுப்பு முட்டிக்குக் கீழ போச்சுன்னா மொத்த உடம்பையும் முட்டிதான் தம்பி தூக்கணும். அந்த அம்மா கை அழுத்தின இடத்த அப்பா ராத்திரி தடவிக்கிட்டே, "பெரியம்மா வலியக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்காங்கடா, நான் ஏசிய கூட்டி வச்சுட்டு வந்திருக்கேன்"னு சொன்னது இன்னிக்கும் காதுல இருக்கு.

நீங்க வண்டியோட இன்ஜினப் பாத்தீங்க, சீட்டு தரையிலருந்து எவ்ளோ உயரம்னு அளக்கல. சனிக்கிழமை அம்மாவ ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு வண்டியிலயும் பின்னாடி மூணு மூணு தடவ ஏறி இறங்கச் சொல்லுங்க, நீங்க கை குடுக்காதீங்க, சேல்ஸ் பையனையும் தள்ளி நிக்கச் சொல்லுங்க. ரெண்டுலயும் கதவப் புடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிக்கறாங்கன்னா ரெண்டுமே வேணாம், உயரமான சீட்டு இருக்கற வேற வண்டி பாருங்க. அம்மா என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க.