மைசெல் தண்ணீரும் தேசிக்காய்ச் சவர்க்காரமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மகள் காலி வீதியில் உள்ள பாமசியில் முகம் துடைக்க 'மைசெல் வாட்டர்' என்று ஒரு போத்தல் வாங்கி வருகிறாள். அந்தக் காசுக்கு நல்ல சவர்க்காரம் நாலைந்து வாங்கலாம். 'மைசெல்கள் அழுக்கைக் காந்தம்போல் இழுக்கும்' என்று விளம்பரத்தில் சொல்கிறார்கள். இது புதுத் தொழில்நுட்பமா, ஏமாற்றா? (வெள்ளவத்தை)

பதில்: இரண்டும் இல்லை. மைசெல் என்பது யாரும் தொழிற்சாலையில் செய்து போத்தலில் அடைக்கும் பொருள் அல்ல. உங்கள் வீட்டுச் சவர்க்காரத்தைத் தண்ணீரில் கரைத்தால் வாளிக்குள்ளேயே அது உருவாகிவிடும்.

சவர்க்காரம் என்பது கொழுப்பமிலத்தின் உப்பு. அதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு நீண்ட வால், ஒரு சிறு தலை. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதிவரை இருக்கும் லோரிக் அமிலத்தின் வாலையும் தலையையும் சேர்த்து 12 காபன் அணுக்கள். பாம் எண்ணெயில் நிறைய இருக்கும் பால்மிட்டிக் அமிலத்தில் 16. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கிற இடத்தில் எண்ணெய் வாலுக்கு என்ன மரியாதை? ஒதுக்கப்பட்ட வால்கள் உள்ளே ஒன்றுசேர, தலைகள் வெளியே தண்ணீரைப் பார்த்து நிற்கும். அந்த உருண்டைதான் மைசெல். குறுக்களவு நாலைந்து நனோமீற்றர். தலைமயிரின் தடிப்போடு பார்த்தால் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. உருண்டையும் நிலையான ஒன்றல்ல. மூலக்கூறுகள் கண் இமைக்கும் நேரத்துக்குள் எத்தனையோ முறை உள்ளே போய் வெளியே வரும். முகத்து எண்ணெயும் மையும் அந்த வால்களுக்கு நடுவே கரைந்துகொள்கின்றன. காந்தம் எதுவும் இல்லை.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: அளவு போதாவிட்டால் உருண்டை சேராது. லோரிக் சவர்க்காரம் என்றால் லீற்றருக்கு ஏறக்குறைய 5 கிராம் வேண்டும். வாலில் ஒரு காபன் கூடினால் தேவையான அளவு ஏறத்தாழ பாதியாகக் குறையும். அதற்காக நீண்ட வால்தான் நல்லது என்றும் சொல்ல முடியாது. 18 காபன் உள்ள ஸ்டியரிக் சவர்க்காரம் குளிர்ந்த தண்ணீரில் கரையவே மறுக்கும். ஆகவேதான் கட்டிச் சவர்க்காரத்தில் சட்டென்று நுரைக்கும் தேங்காய் எண்ணெயையும், சீக்கிரம் கரையாத பாம் எண்ணெயையும் கலக்கிறார்கள்.

அப்படியென்றால் அந்தப் போத்தலில் காசு எதற்கு? சவர்க்காரத்துக்குப் பதிலாக அதில் காரத்தன்மை இல்லாத, மென்மையான வேறு கழுவுபொருள் இருக்கும். கண் மை, ஒப்பனை தினமும் போடுகிறவருக்கும், சவர்க்காரம் பட்டால் முகம் வறளுகிறவருக்கும் அது பயன்தரும். 'கழுவத் தேவையில்லை' என்று எழுதியிருந்தாலும் ஒருமுறை தண்ணீரால் அலம்பிவிடச் சொல்லுங்கள். வியர்வையும் தூசியும் மட்டும்தான் பிரச்சினை என்றால் வாங்க வேண்டியதில்லை. வாங்குவதாக இருந்தால் போத்தலின் அழகைப் பார்க்காமல் 100 மில்லிலீற்றருக்கு என்ன விலை வருகிறது என்று பாருங்கள்.

கேள்வி: கொழும்பில் நன்றாக நுரைக்கும் சவர்க்காரத்தை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே கிணற்றடியில் நுரையே வரவில்லை, வாளியில் வெள்ளையாகப் படை படிந்தது. போலியை விற்றுவிட்டார்களா? (கொட்டாஞ்சேனை)

பதில்: கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். மாறியது தண்ணீர். கொழும்புக் குழாய்களில் வருவது களனி ஆற்றிலிருந்து அம்பத்தளையில் எடுப்பதும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களில் இருந்து வருவதும். அது மென்னீர், அதாவது கல்சியம் குறைந்த தண்ணீர். யாழ்ப்பாணக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருப்பவை. அந்தத் தண்ணீரில் கல்சியம் அதிகம். ஒரு கல்சியம் இரண்டு சவர்க்காரத் தலைகளைப் பிடித்துக் கட்டிவிடும். கட்டுண்டவை கரையாது, உருண்டையும் சேராது, வெள்ளைப் படையாக வாளியில் ஒட்டும். கல்சியம் தீர்ந்த பிறகுதான் மிச்சச் சவர்க்காரம் வேலைக்கு வரும்.

அங்கே குளிக்க, தேங்காய் எண்ணெய் கூடுதலாகச் சேர்த்த சவர்க்காரம் சற்று நன்றாக நுரைக்கும். கடற்பயணிகள் உப்புத் தண்ணீரில் பாவித்ததும் அந்த வகைதான். உடுப்புக்குச் சவர்க்காரத்தை விடச் சலவைத் தூள் நல்லது.

கேள்வி: இணையத்தில் பார்த்து, சவர்க்காரத்தைச் சீவிக் கரைத்துத் தேசிக்காய்ச் சாறு சேர்த்துப் பாத்திரம் கழுவும் திரவம் செய்தேன். தயிர் திரிந்ததுபோல் ஆனது, நுரை இல்லை. ஆனால் ஒரு கண்காட்சியில் 'தேசிக்காய் சேர்த்த இயற்கைச் சவர்க்காரம், பி.எச். 5.5' என்று விற்கிறார்களே? (தெஹிவளை)

பதில்: திரிந்ததில் வியப்பில்லை. தேசிக்காயின் அமிலம் சவர்க்காரத் தலையின் மின்னேற்றத்தை அணைத்துவிடும். மின்னேற்றம் போனால் அது சவர்க்காரம் இல்லை, வெறும் கொழுப்பமிலம். பாத்திரத்தில் எண்ணெயைப் போக்கப் போய் எண்ணெயைச் சேர்த்திருக்கிறீர்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் சவர்க்காரத் தண்ணீர் எடுத்துச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள். முதலில் மங்கும், பிறகு பாலாகும், நுரை அமர்ந்துவிடும்.

வழியில் ஒரு விசேஷம் இருக்கிறது. மின்னேற்றம் பாதி போய்ப் பாதி இருக்கும் கட்டத்தில், அதாவது பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7 நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) 8, 9 அளவில், சில கொழுப்பமிலங்கள் உருண்டையை விட்டுவிட்டு இரட்டை அடுக்குச் சுவர் கொண்ட நுண்பைகளாகக் கூடிக்கொள்ளும். உள்ளே தண்ணீர், வெளியே தண்ணீர். 1973இல் கெபிக்கி, ஹிக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் இருந்து பிரித்தெடுத்த பொருள்களும் இப்படிப் பைகளாவதை 1985இல் டேவிட் டீமர் கண்டார். உயிரின் முதல் செல்லுக்குச் சுவர் இப்படிக் கிடைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் எண்ணம். பாத்திரம் கழுவ மட்டும் அது உதவாது.

இனிக் கண்காட்சிச் சரக்கு. உண்மையான சவர்க்காரத்தின் பி.எச். 9, 10 அளவில் இருக்கும். 5.5க்கு இறக்கினால் உங்கள் குவளையில் நடந்ததுதான் நடக்கும். ஆகவே அந்தக் கட்டி சவர்க்காரமே இல்லாத வேறு கழுவுகட்டியாக இருக்க வேண்டும், அல்லது உறையில் எழுதியது பொய். உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். சோடியம் பால்மேட், சோடியம் கோகோவேட் என்று தொடங்கினால் அது சவர்க்காரம். சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட் என்றால் கழுவுகட்டி; அதற்கு 5.5 பொருந்தும், விலை கூடவும் காரணம் உண்டு. சேர்மானமே அச்சிடாத கட்டியை நான் வாங்கமாட்டேன்.

கேள்வி: உறையில் 'டி.எஃப்.எம். 76%' என்றால் என்ன? (பம்பலப்பிட்டி)

பதில்: கட்டியில் மொத்தக் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்பது. மிச்சம் தண்ணீர், உப்பு, நிரப்பி போன்றவை. விலையை இதோடு சேர்த்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 76% உள்ள 100 கிராம் கட்டி 150 ரூபாய், 60% உள்ளது 120 ரூபாய் என்று வைப்போம். ஒரு கிராம் கொழுப்புப் பொருளுக்கு இரண்டுமே 2 ரூபாய் அளவில்தான் வரும். மலிவுக் கட்டியில் 30 ரூபாய் மிச்சம் என்பது கண்ணுக்கு மட்டும். மேலே சொன்ன கழுவுகட்டிகளை இந்த எண்ணால் அளக்கக் கூடாது. உறையில் குறித்த விலைக்கு மேல் யாராவது கேட்டால் பற்றுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள்.