வெயில் ஊர் என்றால் கெட்டி ஆயிலா?

கேள்வி: 2016 மாடல் சின்ன பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். 80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்குப் போய் வருகிறேன். காரோடு வந்த புத்தகத்தில் இன்ஜின் ஆயில் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறது. எங்கள் மெக்கானிக்கோ, "மெட்ராஸ் வெயிலுக்கு அதெல்லாம் தண்ணியா ஓடிடும், 20டபிள்யூ-50 ஊத்துங்க" என்கிறார். போன மாதம் ஆயில் குறைந்திருந்தபோது அதையே அரை லிட்டர் ஊற்றியும் விட்டார். என்ன செய்யலாம்?

பதில்: புத்தகத்தில் இருப்பதையே ஊற்றுங்கள். மெக்கானிக் சொல்வது அம்பாசடர், பத்மினி ஓடிய காலத்துக் கணக்கு. அந்த இன்ஜின்களில் பாகங்களுக்கு நடுவே இடைவெளி தாராளம்; கெட்டி ஆயில் தேவைப்பட்டது. இன்றைய இன்ஜினில் ஆயில் போகும் வழிகள் மிகக் குறுகலானவை.

வெயில் விஷயத்துக்கு வருவோம். வெளியே 30 டிகிரி இருந்தாலும் 40 டிகிரி இருந்தாலும், தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் சேர்ந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டை 90 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கும். ஆயிலும் 100 டிகிரி பக்கத்தில்தான் வேலை செய்யும். 5டபிள்யூ-30 என்ற கிரேடில் பின்னால் வரும் 30 என்ற எண், 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைத்தான் சொல்கிறது. அதாவது இன்ஜின் சூட்டைக் கணக்கில் வைத்தே கம்பெனி அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறது. மே மாத வெயிலுக்காக நாம் தனியாக எதையும் கூட்ட வேண்டியதில்லை.

முன்னால் இருக்கும் 5டபிள்யூ குளிர்கால அளவு. அது மைனஸ் 30 டிகிரியில் சோதிக்கப்படுவது. நம் ஊரில் மார்கழி விடியற்காலையிலும் 20 டிகிரிக்கு ரொம்பக் கீழே இறங்குவது அபூர்வம். அப்படியானால் அந்த எண் நமக்கு வீணா? இல்லை. காலையில் சாவி போட்ட முதல் சில விநாடிகளில் ஆயில் இன்ஜின் தலை வரை ஏற வேண்டும். 40 டிகிரியில்கூட 20டபிள்யூ-50 ஆயில், 5டபிள்யூ-30-ஐ விட இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டி. மெதுவாகத்தான் ஏறும். மைலேஜும் கொஞ்சம் அடிவாங்கும்.

சரி, உங்கள் ஊர் எதையுமே மாற்றாதா? மாற்றும், ஆயில் மாற்ற வேண்டிய கெடுவை. டி.எச். ரோட்டிலோ (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) காசிமேட்டுப் பக்கமோ கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று போகும்போது, மீட்டரில் ஒன்பது பத்து கிலோமீட்டர்தான் கூடும். இன்ஜின் மணிக்கணக்கில் ஓடியிருக்கும். ஆயிலுக்குத் தெரிவது இன்ஜின் ஓடிய நேரம்தான். நின்ற நிலையில் ஓடும்போது எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலக்கும். மணலி, எண்ணூர் பக்கத்துத் தூசி வேறு. பல கார்களின் புத்தகத்தில் வழக்கமான கெடு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம். அதற்குக் கீழேயே கடுமையான பயன்பாட்டுக்குத் தனி அட்டவணை இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. உங்கள் ஓட்டம் அதில்தான் சேரும். நான் 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்வேன். ஃபில்டரையும் கூடவே மாற்றுங்கள். ஏர் ஃபில்டரை அடிக்கடி பாருங்கள்.

எனக்கு உறுத்துவது ஆயில் குறைந்தது. காரைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பாருங்கள். 1,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இதேபோல் மீண்டும் பாருங்கள். கொஞ்சம் இறங்கினால் கவலை வேண்டாம். கீழ்க் கோட்டைத் தொட்டாலோ, காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்தாலோ, இன்ஜின் ஆயில் குடிக்கிறது. கசிவு, வால்வ் சீல், ரிங் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டி ஆயில் அந்தப் புகையைக் கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவுதான். உங்கள் புத்தகத்தின் வெப்பநிலைப் பட்டியலில் 10டபிள்யூ-40-க்கும் அனுமதி இருந்தால், பழைய இன்ஜினுக்கு அதுவரை போகலாம்.

கேனில் கிரேடோடு ஏபிஐ (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்) தரத்தையும் பாருங்கள். பெட்ரோல் காருக்கு எஸ்என் அல்லது 2020-ல் வந்த எஸ்பி இருந்தால் போதும். ஃபுல் சிந்தெடிக் நல்லதுதான். ஆனால் அதைச் சொல்லி 15,000 கிலோமீட்டர் ஓட்டலாம் என்றால் நம்பாதீர்கள். பைக் ஆயில் காருக்கு வேண்டாம். ஆயில் கறுத்துவிட்டது என்பதற்காக மட்டும் மாற்றவும் வேண்டாம். அழுக்கை இழுத்துக்கொண்டால் கறுக்கத்தான் செய்யும். பால் டீ நிறத்தில் வந்தால்தான் ஆபத்து, தண்ணீர் புகுந்திருக்கிறது. மழை வெள்ளத்தில் கார் நின்றிருந்தால் இதைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

கேனின் சீலை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். காலி கேனை வாங்கி, கிழித்துப் போடுங்கள். பழைய கேனில் போலி ஆயில் அடைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே ஊற்றிய அந்த அரை லிட்டருக்காக இப்போதே எல்லாவற்றையும் இறக்க வேண்டியதில்லை. ஏபிஐ தரமுள்ள ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும், இன்ஜின் கெட்டுவிடாது. அடுத்த கெடுவைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, சூடாக இருக்கும்போதே முழுவதும் வடித்துவிட்டு 5டபிள்யூ-30 ஊற்றச் சொல்லுங்கள்.