ஆம்ப்ளிஃபையருக்கு எந்த ஸ்பைக் கார்டு?

கேள்வி: ஆம்ப்ளிஃபையர், டிஏசி (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி), டர்ன்டேபிள் எல்லாம் வாங்கிவிட்டேன். சுவரில் இருப்பது ஒரே பிளக் பாயிண்ட். கடையில் சாதாரண ஸ்பைக் கார்டும் இருக்கிறது, ‘ஆடியோஃபைல்’ என்று எழுதி ஆம்ப்ளிஃபையர் விலைக்கே விற்கும் பெட்டியும் இருக்கிறது. ஸ்பைக் கார்டில் சொருகினால் பாஸ் (தாழ்சுருதி ஒலி) செத்துவிடும் என்கிறார் நண்பர். எதை வாங்க?

பதில்: முதலில் நண்பரின் கணக்கைத் தீர்த்துவிடுவோம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஒன்றரை மீட்டர் நீளத்துக்குப் போட்ட ஸ்பைக் கார்டில், போக வர மூன்று மீட்டர் கம்பி. மின்தடை சுமார் 0.035 ஓம். ஆம்ப்ளிஃபையர் 5 ஆம்பியர் இழுத்தால்கூட 230 வோல்ட்டில் கால் வோல்ட் குறையாது. வீட்டில் பாட்டுக் கேட்கும் சத்தத்துக்கு அவ்வளவு இழுப்பதும் இல்லை. பாஸ் போதவில்லை என்றால் ஸ்பீக்கரை எங்கே வைத்திருக்கிறார் என்று அவரைக் கேளுங்கள்.

என் மேஜையில் எப்போதும் செத்த ஸ்பைக் கார்டு ஒன்றிரண்டு கிடக்கும். பிரித்தால் உள்ளே நாணயம் அளவில் நீல நிற வட்டத் தகடு ஒன்று இருக்கும். அதுதான் வேரிஸ்டர். மேலே ‘14டி431கே’ என்பதுபோல் எழுதியிருக்கும். 14 என்பது மில்லிமீட்டரில் விட்டம். 431 என்றால் 43-க்குப் பின் ஒரு சைபர்: ஏறக்குறைய 430 வோல்ட்டில் அது கடத்தத் தொடங்கும். மின்சாரம் திடீரென்று எகிறினால் அதைத் தன் வழியே திருப்பிவிடும். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும். கடைசி அடி வாங்கியதில் பூச்சு வெடித்து ஓரம் கருகியிருக்கும். ஆனால் பெட்டி மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் கரன்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும்! சுவிட்சில் எரியும் சிவப்பு விளக்கை நம்பாதீர்கள், அது கரன்ட் வருகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். பாதுகாப்பு உயிரோடு இருக்கிறதா என்று தனியாகக் காட்டும் விளக்கு உள்ளதை வாங்குங்கள். பாதுகாப்பு போனதும் கரன்ட்டையே நிறுத்திவிடும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது.

அட்டையில் போட்டிருக்கும் ஜூல் எண் (வேரிஸ்டர் விழுங்கக்கூடிய ஆற்றலின் அளவு) எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு ஒரு குறிப்பு. கூடுதலாக இருந்தால் நல்லது, அவ்வளவுதான். வேரிஸ்டர் வேலை செய்யும்போதும் 600, 700 வோல்ட் உள்ளே போகத்தான் செய்யும். மைக்ரோ விநாடிக் கணக்கில் வருவதால் ஆம்ப்ளிஃபையரின் பவர் சப்ளை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்.

எர்த் சரியில்லையென்றால் இதெல்லாம் பாதி வேலைதான். நல்ல பெட்டியில் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் என்று மூன்று வேரிஸ்டர் இருக்கும். எர்த் இல்லாத பாயிண்டில் பின்னிரண்டும் சும்மா உட்கார்ந்திருக்கும். அதனால் பெட்டி வாங்குமுன் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதியுங்கள். அந்த ஆடியோஃபைல் பெட்டிக்கு ஒதுக்கிய பணம் இருந்தால், மெயின் போர்டில் டைப் 2 சர்ஜ் ப்ரொடெக்டர் பொருத்தச் சொல்லுங்கள். பெரிய அடியை அது வாங்கிக்கொள்ளும், மிச்சத்தை ஸ்பைக் கார்டு பார்த்துக்கொள்ளும். அப்புறம், பிளக்கை லேசாக ஆட்டினால் ஆடும் சாக்கெட் வேண்டவே வேண்டாம், எத்தனை ஜூல் போட்டிருந்தாலும்.

கேள்வி: டிவியை ஆம்ப்ளிஃபையரோடு இணைத்ததிலிருந்து ‘ஊம்’ என்று ஓர் இரைச்சல். எர்த் பின்னை வெட்டினால் போய்விடும் என்கிறார்களே?

பதில்: போகும், கூடவே உங்கள் பாதுகாப்பும் போகும். வெட்டாதீர்கள். எல்லாக் கருவிகளையும் ஒரே பெட்டியில் சொருகிப் பாருங்கள். பெட்டிக்குள் இன்னொரு பெட்டியைச் சொருகக் கூடாது. அப்படியும் இரைந்தால் டிவியின் பின்னாலிருக்கும் கேபிள் ஒயரை மட்டும் கழற்றுங்கள். நின்றுவிட்டால் ஆள் அகப்பட்டான்: அந்த ஒயர் வேறோர் இடத்து எர்த்தை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. கேபிளில், எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் ஓர் ஐசொலேட்டர் போடலாம். டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஆப்டிகல் கேபிள் இழுத்தாலும் சரி, ஒளி போகும் வழியில் எர்த் எங்கே வரும்? எல்லா இன்புட்டையும் கழற்றிய பிறகும் இரைகிறது என்றால் கோளாறு ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே. பெரும்பாலும் ஃபில்டர் கண்டென்சராக இருக்கும், சர்வீஸுக்குக் கொடுங்கள்.

கேள்வி: ஸ்டெபிலைசர் இருக்கிறது. ஸ்பைக் கார்டும் வேண்டுமா?

பதில்: வேண்டும். ஸ்டெபிலைசர் மெல்ல ஏறி இறங்கும் வோல்டேஜைச் சரிசெய்யும், அதன் ரிலே நகர்வதற்குள் ஸ்பைக் வந்து போயிருக்கும். ஸ்பைக் கார்டுக்கும் ஒரு எல்லை உண்டு. மூன்று ஃபேஸ் கட்டடத்தில் நியூட்ரல் அறுந்தால் 400 வோல்ட் பக்கம் போய் அங்கேயே நிற்கலாம். அப்போது வேரிஸ்டர் சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது. வெப்ப ஃபியூஸ் உள்ள பெட்டியாகப் பாருங்கள், போர்டில் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் வையுங்கள். இடி நெருங்குவதற்கு முன்பே எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், ஆன்டெனா ஒயரையும் லேன் கேபிளையும் சேர்த்து.