இடது முன்சக்கர பேரிங் போச்சுன்னு ஹப்பை (சக்கரம் மாட்டுற நடுப்பகுதி) உருவினேன், பேரிங் ரேஸ் (குண்டு உருளுற இரும்பு வளையம்) அதுலயே ஒட்டிக்கிச்சு. ரெண்டு கால் புல்லர் (கொக்கி போட்டு இழுக்குற கருவி) போட்டு முறுக்கி வீட்டுலயே கழட்ட முடியுமா?

முடியும். ஆனா நீங்க சொல்ற மாதிரி ரெண்டு கால் புல்லரைப் போட்டு முறுக்கிக்கிட்டே இருந்தீங்கன்னா புல்லரோட கால்தான் உடையும். ஹப் வெளிய வந்துடுச்சு, இன்னர் ரேஸ்ல, அதாவது உள் வளையத்துல, பாதி மட்டும் ஹப்போட கழுத்துல நிக்குதுன்னா பயப்பட ஒண்ணுமில்ல. நிறைய கார்ல முன்சக்கர பேரிங்குக்கு இன்னர் ரேஸே ரெண்டு துண்டாத்தான் இருக்கும், ஹப்பை உருவுறப்ப வெளிப்பக்கத் துண்டு அதோடயே வந்துடும், குண்டெல்லாம் தரையில உருண்டு ஓடும். எனக்கு ஒரு குண்டு செப்டிக் டேங்க் மூடி இடுக்குல போயிடுச்சு, இன்னும் அங்கதான் கிடக்கு.

நான் இருக்கிறது தூத்துக்குடி. உப்புக்காத்துல எந்த இரும்பும் எது கூடயும் ஒட்டிக்கும். 2009 மாடல் ஹேட்ச்பேக், துரு இளக்குற டபிள்யூடி-40 ஸ்பிரே அரை டப்பா காலி, ஒண்ணும் அசையல. கடைசில பக்கத்துக் கிரில் பட்டறையில ஆங்கிள் கிரைண்டர் வாங்கிட்டு வந்து கட்டிங் வீல் போட்டு ரேஸ்ல குறுக்க ஒரு கோடு வெட்டுனேன். இதுலதான் பொறுமை வேணும், முழுசா அறுக்கக் கூடாது, காகிதம் மாதிரி கொஞ்சம் மிச்சம் இருக்கிறப்ப நிறுத்திடணும், இல்லன்னா ஹப்போட கழுத்தையும் சேத்து வெட்டிருவீங்க. ஆழமா வெட்டுப்பட்டா புது ஹப்தான். அப்புறம் அந்த வெட்டுல உளிய வச்சு சுத்தியலால ஒரே போடு. டக்னு சத்தம், ரேஸ் வாயப் பொளந்துடும், கையாலயே உருவிடலாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாம மட்டும் இத பண்ணாதீங்க, பேரிங் இரும்பு கடினப்படுத்துன இரும்பு, வளையாது, சில்லு சில்லாத் தெறிக்கும்.

இப்ப நக்கிள்குள்ள (பேரிங் உக்கார்ற இரும்புக் கூடு) அவுட்டர் ரேஸ், அதாவது வெளி வளையம், இருக்குமே, அதுலதான் நான் அசிங்கப்பட்டேன். சம்மட்டிய எடுத்து ஒன்றரை மணி நேரம் அடிச்சேன், கை வீங்கினதுதான் மிச்சம், சரி நக்கிளையே கழட்டி லேத் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போனா, அங்க இருந்த அண்ணாச்சி கம்பி பிரஷ்ஷால நாலு தேய் தேச்சுட்டு, "என்ன தம்பி, லாக்க எடுக்காமலா அடிச்சீங்க?"ன்னாரு. துருவும் சேறும் அப்பி, பேரிங் நழுவாம பிடிச்சிருக்கிற லாக் வளையம், அதான் சர்க்கிளிப், இருக்கிறதே தெரியல! அதனால முதல்ல அந்த விளிம்ப சுத்தம் பண்ணிப் பாருங்க.

சர்க்கிளிப் எடுத்தும் பிரஸ்ல (அழுத்தித் தள்ளுற மெஷின்) வரல. அப்புறம் அவர் பண்ணதுதான் வித்தை, ரேஸோட உள்சுவர்ல சுத்தி ஒரு வரி வெல்டிங் வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. வெல்டிங் ஆறும்போது சுருங்கும், சுருங்குறப்ப ரேஸையும் உள்ள இழுக்கும். வந்து மறுபடி பிரஸ்ல வச்சாரு, சிரமமே இல்லாம நழுவி விழுந்துச்சு.

புது பேரிங்க வீட்டுல சுத்தியலால ஏத்தாதீங்க, அதுக்குப் பிரஸ்தான். நக்கிள்குள்ள ஏத்துறப்ப அவுட்டர் ரேஸ் மேலதான் அழுத்தம் விழணும், ஹப்பை உள்ள தள்ளுறப்ப பின்னால இன்னர் ரேஸுக்கு முட்டுக் குடுக்கணும். மாத்தி அழுத்துனா பாரம் முழுக்க குண்டு மேல போயி ரேஸ்ல பள்ளம் விழும், கொஞ்ச நாள்லயே பழைய சத்தம் திரும்ப வரும். உங்க கார்ல ஏபிஎஸ் (பிரேக் அடிக்கிறப்ப சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கிறது) இருந்து, சக்கர வேகத்த சென்சாருக்குக் காட்டுற காந்த வளையம் பேரிங்லயே இருந்தா, அது சென்சார் பக்கம் பாத்து உக்காரணும், திருப்பிப் போட்டா டேஷ்போர்டுல ஏபிஎஸ் லைட் எரியும், திரும்ப எல்லாத்தையும் கழட்டணும். சக்கரத்தச் சுத்துற டிரைவ் ஷாஃப்ட்டோட நட்டு புதுசாப் போடுங்க, எவ்வளவு டைட்டுன்னு உங்க கார் மேனுவல் பாத்து டார்க் ரெஞ்ச்ல (இறுக்கத்த அளந்து காட்டுற ஸ்பேனர்) வைங்க, குத்துமதிப்பு வேணாம். வேலை முடிஞ்சதும் வீல் அலைன்மென்ட் ஒருதடவ பாத்துடுங்க.

ஆமா, ஒண்ணு கேக்கணும். இடது பக்கம்தான் போச்சுன்னு எப்படி முடிவு பண்ணீங்க? ஓட்டுறப்ப லேசா வலது பக்கம் ஒடிச்சா பாரம் இடது சக்கரத்துக்குப் போகும், அப்ப ஊளைச் சத்தம் கூடுனா பெரும்பாலும் இடதுதான். இடது பக்கம் ஒடிக்கிறப்ப கூடியிருந்தா… நீங்க கழட்டி வச்சிருக்கிறது நல்ல பேரிங்கா இருக்கவும் வாய்ப்பு இருக்கு.