விட்டு விட்டு நிற்கும் படகு எஞ்சின்: கேள்வி பதில்

ரங்கூன் ஆற்றங்கரையில் டீசல் எஞ்சின் வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். ஒரேயடியாகப் படுத்துவிட்ட எஞ்சினைச் சீக்கிரம் எழுப்பிவிடலாம். நாம் போய் நின்றதும் நல்ல பிள்ளையாக ஓடி, நாம் கரையேறியதும் நின்றுவிடுகிறதே, அதுதான் உயிரை வாங்கும். மழை தொடங்கியதிலிருந்து அப்படிப்பட்ட கேள்விகள்தான் வருகின்றன.

கேள்வி (மோல்மேன்): அண்ணே, பீலூ தீவுக்கு ஆள் ஏற்றுகிற படகு. 20 நிமிஷம் நன்றாக ஓடும், அப்புறம் ஏறி இறங்கித் தள்ளாடி நின்றுவிடும். 10 நிமிஷம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. பம்ப் போய்விட்டது, கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: பம்பைத் தொட விடாதீர்கள் தம்பி. போன பம்ப் 10 நிமிஷ ஓய்வில் குணமாவது அபூர்வம். எஞ்சினுக்கு டீசல் போய்ச் சேரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

தள்ளாட ஆரம்பித்ததும் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்றை இழுத்து எஞ்சின் தேறினால், டேங்க் மூச்சு விடுகிற குழாய் அடைத்திருக்கிறது. ஒருமுறை அந்தக் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்ததைக் கம்பி விட்டுக் குத்தி எடுத்தேன். அதற்கு முன்பே அந்தப் படகுக்காரர் எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சுகிற நாசில் இரண்டை மாற்றியிருந்தார்!

மூடியைத் திறந்தும் தேறவில்லை என்றால், 10 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, டேங்கிலிருந்து வருகிற டியூபைக் கழற்றி, கேனிலிருந்து வேறு டியூபில் எஞ்சினுக்குக் கொடுங்கள். மிச்ச டீசல் திரும்பி வருகிற ரிட்டர்ன் டியூபையும் கேனிலேயே விடுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அவரே மறுபடி: மூடி திறந்தும் பலன் இல்லை. கேனில் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினேன், நிற்கவே இல்லை அண்ணே.

பதில்: அப்படியென்றால் பம்ப், நாசில் எல்லாம் நல்லபடியாக இருக்கின்றன. கோளாறு டேங்கிலோ அங்கிருந்து வருகிற டியூபிலோதான். டேங்குக்குள் இறங்குகிற உறிஞ்சு குழாயை வெளியே எடுங்கள். பழைய டியூபின் ரப்பர்ச் செதில், துணி நூல், வழவழப்பான கறுப்புச் சேறு, ஏதாவது ஒன்று கிடைக்கும். எஞ்சின் ஓடும்போது அது இழுபட்டு வந்து குழாய் வாயில் ஒட்டிக்கொள்ளும். நின்றதும் இழுப்பு விட்டுக் கீழே விழுந்துவிடும். உங்கள் 10 நிமிஷக் கதை அதுதான். குழாயில் காற்றடித்து விட்டுவிடாதீர்கள், குப்பை திரும்ப டேங்குக்குள்ளேதான் போகும், அடுத்த வாரம் வரும். டேங்கைக் காலி செய்து துடையுங்கள்.

குழாய் சுத்தமாக இருந்தால் சந்தேகம் காற்றின் மேல். டேங்க் எஞ்சினுக்கு மேலே இருக்கிற படகில் கிளிப் தளர்ந்தால் டீசல் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். டேங்க் கீழே இருந்தால் அந்த இடம் வெளியே காய்ந்தே கிடக்கும், உள்ளே காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகிற இடத்தில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபை ஒரு சாண் மாட்டி எஞ்சினை ஓட்டுங்கள். குமிழி ஓடினால் கிளிப், செம்பு வாசர், ஃபில்டர் ரப்பர் வளையம், ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வாருங்கள்.

கேள்வி (சௌத்தான்): ஆற்று நடுவில் இருக்கிற ஏலே பயா கோயிலுக்குப் பக்தர்களைக் கொண்டுபோகிறோம். அலை அடிக்கிற நாளில் மட்டும் திக்கித் திக்கி வெள்ளைப் புகை விடுகிறது.

பதில்: டேங்க் அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறது. டீசல் தண்ணீரைவிட லேசு, அதனால் தண்ணீர் அடியில் கிடக்கும்; படகு ஆடினால் கலங்கி மேலே வரும். ஃபில்டர் அடியிலிருந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் கொஞ்ச நேரம் வையுங்கள், கோடு போட்டது போல இரண்டாகப் பிரியும்.

டீசல் டிரம்மை மழையில் நிமிர்த்தி வைத்திருக்கிறீர்களா? மேல்தட்டில் தேங்குகிற தண்ணீரை, இரவில் டிரம் குளிரும்போது மூடி வழியாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் சரி. படுக்கப் போட்டு, இரண்டு மூடியும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி திருப்பி வையுங்கள்.

கேள்வி (டுவாண்டே கால்வாய்): நெல் படகு. சில நாள் கறுப்புப் புகை, இழுவையே இல்லை, சூடும் ஏறுகிறது. சில நாள் சரியாக இருக்கிறது.

பதில்: கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ரேஸ் கொடுங்கள். புகை இல்லாமல் சுத்தமாக ஏறினால் முதலில் தண்ணீருக்கடியில் பாருங்கள். பேடாக் கொடியோ பிளாஸ்டிக் பையோ படகைத் தள்ளுகிற காத்தாடியில் சுற்றியிருக்கும். பேடா என்றால் ஊரில் ஆகாயத்தாமரை. ரிவர்ஸில் ஒரு நிமிஷம் சுற்றினால் பாதி நேரம் கழன்றுவிடும். அதே பை, எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் உறிஞ்சுகிற வலையையும் அடைக்கும், சூடு ஏறுவது அதனால்தான். நியூட்ரலிலும் கறுப்பாகவே வந்தால் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.

கேள்வி (டலா): எனக்குத் தள்ளாட்டமெல்லாம் இல்லை ஐயா. ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று நின்றுவிடுகிறது. சில நேரம் சாவி போட்டால் 'டிக்' சத்தம் மட்டும்.

பதில்: 'பட்டென்று' என்று எழுதினீர்களே, அதற்கு நன்றி. டீசல் தீர்ந்து நிற்கிற எஞ்சின் தள்ளாடித்தான் நிற்கும். கத்தியால் வெட்டியது போல நின்றால் கரண்ட் சமாசாரம். கரண்ட் இருந்தால்தான் டீசல் வழி திறந்திருக்கும் என்கிற மாதிரி சோலனாய்டு வைத்த எஞ்சின் என்றால், அந்த ஒயர் தளர்ந்து அதிர்வில் விட்டு விட்டுத் தொடும். ஓடும்போது ஒயரை லேசாக ஆட்டிப் பாருங்கள். 'டிக்' சத்தத்துக்கு பேட்டரி முனைகளையும், எஞ்சின் உடம்பில் மாட்டிய நெகட்டிவ் ஒயரையும் பாருங்கள். நாலைந்து முறை ஸ்டார்ட் செய்துவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் தொட்டால், எது சூடாக இருக்கிறதோ அதுதான் கள்ளன்.

கேள்வி (பசீன்): சுத்தமாகட்டும் என்று டீசலில் மண்ணெண்ணெய் கலக்கலாமா?

பதில்: வேண்டாம். பம்புக்கு எண்ணெய்ப் பசையே டீசல்தான், அதைக் குறைத்துவிடுவீர்கள்.

கேள்வி (சிரியம்): டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது நாசில் நட்டைத் தளர்த்தி விரலை வைத்துப் பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. பீறிடுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலையே எடுக்க வேண்டி வரும். துணியைப் போட்டு மூடுங்கள், முகத்தைத் தள்ளி வையுங்கள்.

கேள்வி (டலா, இன்னொருவர்): நடு ஆற்றில் நின்றுவிட்டால் முதலில் எதைப் பார்ப்பது?

பதில்: நங்கூரத்தை. கப்பல் போகிற பாதையாக இருந்தால் துடுப்புப் போட்டு ஓரம் கட்டிவிட்டுப் போடுங்கள். தண்ணீர் இறங்குகிற நேரத்தில் ரங்கூன் ஆறு உங்களுக்காகக் காத்திருக்காது, நீங்கள் ஸ்பேனர் தேடி முடிப்பதற்குள் டலா கண்ணிலிருந்து மறைந்துவிடும்.